பாட்டியின் ஜாடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் ஒருவர் போன் செய்தார். "அனிமோன் ஒரு மாதிரி இருக்குப்பா. கொஞ்ச நாளாவே வெளுத்துக்கிட்டு வந்துச்சு. இன்னிக்கு சுருங்கிப் போய் வாயைப் பொளந்துக்கிட்டு கிடக்கு. நீதான் இதைப் பத்தியெல்லாம் படிக்கிறியே, என்னன்னு சொல்லேன்."

நான் படிப்பது மீன் தொட்டிகளின் வரலாறு. தொட்டிக்கு வைத்தியம் பார்க்கும் அளவுக்கு அனுபவம் கிடையாது. அதைச் சொன்னாலும் அவர் விடவில்லை. சரி என்று கிளம்பிப் போனேன். வரவேற்பறையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புநீர், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு பாறை. அந்தப் பாறையின் அடியில், காற்று போன பலூன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது பபிள் டிப் வகைக் கடல் சாமந்தி. (கடல் சாமந்தி என்பதுதான் தமிழ்ப் பெயர். கடைக்காரர்களும் வளர்ப்பவர்களும் அனிமோன் என்றே சொல்கிறார்கள். பெயர்தான் பூவுடையது, உயிர் விலங்கினுடையது. பவளங்களுக்கும் சொறி மீன்களுக்கும் உறவு.)

"வயசாயிடுச்சோ?" என்று கேட்டார் நண்பர்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சட்டென்று எடின்பரோவில் இருந்த ஒரு ஜாடி நினைவுக்கு வந்தது. இந்தக் குறிப்பு அந்த ஜாடியைப் பற்றியது.

1828ல் சர் ஜான் கிரஹாம் டாலியெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நார்த் பெரிக் கடற்கரைப் பாறையிலிருந்து சிவப்பு நிறக் கடல் சாமந்தி ஒன்றை எடுத்து வந்தார். தொழிலால் வழக்கறிஞர், ஆர்வத்தால் கடல் உயிர்களைக் கவனித்து எழுதுபவர். எடுத்து வந்தபோதே அதற்கு ஏழு வயதாவது இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் கடல்நீர் ஊற்றி அதில் விட்டார். அக்வேரியம் என்ற சொல் இந்த அர்த்தத்தில் புழக்கத்துக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு நடந்தது இது. பம்பு கிடையாது, ஃபில்டர் கிடையாது. டாலியெல் செய்தது ஒன்றுதான். ஆள் வைத்துக் கடலிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, பழைய தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்.

1851ல் டாலியெல் இறந்துபோனார். சாமந்தி இறக்கவில்லை. அது ஜான் ஃபிளெமிங் என்ற பேராசிரியரிடம் போனது. 1857ல் அவரும் காலமானார். பிறகு கடற்படை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்பெயின், அவருக்குப் பின் எடின்பரோ தாவரவியல் பூங்காவின் காப்பாளர் ஜான் சாட்லர், அவரும் 1882ல் போன பிறகு அடுத்த காப்பாளர் ராபர்ட் லிண்ட்சே. கைமாறிக் கைமாறி வந்த அந்த உயிரை எல்லோரும் 'பாட்டி' என்றே அழைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மட்டிச் சிப்பி சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் மாற்றம். அவ்வளவுதான் பராமரிப்பு. டாலியெல் காலத்திலேயே முந்நூறுக்கும் மேல் குஞ்சுகள் ஈன்றிருந்தது. பிறகு பல வருடம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, 1857 வசந்தத்தில் ஒரே இரவில் இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைப் போட்டது! 1887 ஆகஸ்ட் 4ஆம் தேதி பாட்டி இறந்தபோது, ஜாடிக்கு வந்தே 59 வருடம் ஆகியிருந்தது. செய்தித்தாளில் இரங்கல் குறிப்பு வந்தது.

எடின்பரோவில் இன்னொரு கதையும் உண்டு. 1860களின் தொடக்கத்துக்கு முன்பே ஆரன் தீவிலிருந்து ஒரு பெண்மணி கொண்டுவந்து வளர்த்த சில கடல் சாமந்திகள் பின்னாளில் அங்குள்ள பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு வந்து சேர்ந்தன. 1904ல் ஆஷ்வொர்த், அனண்டேல் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். (இந்த நெல்சன் அனண்டேல்தான் பிறகு கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனவர்.) கட்டுரை வந்தபோது அந்தச் சாமந்திகளுக்கு ஐம்பது வயதைத் தொட்டிருந்தது. மூப்பின் அடையாளம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தன. 1940களில் அவை எல்லாமே ஒன்றாகச் செத்துக் கிடந்தன.

எனக்கு இந்தக் கடைசி விவரம்தான் முக்கியமாகப் படுகிறது. வயதாகிச் சாவதென்றால் ஒன்று இன்று போகும், இன்னொன்று மூணு வருஷம் கழித்துப் போகும். எல்லாம் சேர்ந்து போனதென்றால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் வரும். கடல் சாமந்திக்கு மூப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு இருப்பது மாதிரி தெளிவான மூப்பு எதுவும் தட்டுப்படவில்லை. ஆகவே வீட்டுத் தொட்டியில் ஒரு சாமந்தி நலிந்துபோனால் வயதின் மேல் பழியைப் போட முடியாது. தொட்டிக்குள் ஏதோ மாறியிருக்கிறது. எது மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு மனிதர்களுக்கு ஏறக்குறைய அறுபது வருடம் பிடித்தது.

முதலில் காற்று. 1846ல் ஆனா தைன் என்ற பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தைச் சேர்ந்த பாதிரியார். லண்டனிலிருந்து கடல் தூரம். தினமும் புதுத் தண்ணீருக்கு எங்கே போவது? இருக்கிற தண்ணீரையே திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் ஊர் டீக்கடையில் டீ ஆற்றுவது மாதிரிதான். அரை மணி, முக்கால் மணி நேரம், தினமும். ஊற்றியது அவருடைய வேலைக்காரப் பெண். பவளங்கள் பிழைத்தன. அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயரை வரலாற்றில் யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று நம் தொட்டிகளில் முணுமுணுக்கும் பம்பு செய்வது அவளுடைய வேலையைத்தான். அடுத்த வருடம் தைன் அம்மையார் கடற்பாசியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். தண்ணீர் கெடாமல் நின்றது.

இதே விஷயத்தை விதியாக எழுதியவர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளர். ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்க மீன்கள், நீர்ச்செடி, அழுகிய இலையைத் தின்ன நத்தைகள். விலங்கு விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தரும் ஆக்சிஜனை விலங்கு எடுத்துக்கொள்ளும், ஆகவே தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்று 1850ல் அறிவித்தார். 'சமநிலை' என்ற இந்த எண்ணம் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்களுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. 1853ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். 1854ல் ஃபிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' புத்தகத்தை வெளியிட்டார். கண்ணாடி மேலிருந்த வரி 1845லேயே நீங்கியிருந்தது. ரயில் கடற்கரை வரை போனது. நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் கடல் வந்து உட்கார்ந்தது. நடுநாயகம் கடல் சாமந்திதான். காஸ் பிரிட்டனின் கடல் சாமந்திகளுக்கென்றே 1860ல் வண்ணப் படங்களோடு தனிப் புத்தகம் போட்டார்.

பிறகு என்ன நடந்தது? செத்துக்கொண்டே இருந்தன. தண்ணீர் பச்சையாகிக் கலங்கியது, நாறியது. செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் கடற்கரைக்குப் போய் வேறு கொண்டுவந்தார்கள். 1868ல் ஜே. ஜி. வுட் என்ற எழுத்தாளர், அந்த மோகம் ஒரு காய்ச்சல் போல வந்து போய்விட்டது, பத்துத் தொட்டிகளில் ஒன்பது கைவிடப்பட்டன என்ற பொருளில் எழுதினார். காஸின் மகன் எட்மண்ட் 1907ல் வெளியிட்ட 'ஃபாதர் அண்ட் சன்' நினைவுநூலில், சிறுவயதில் அப்பாவுடன் பார்த்த டெவன் கடற்கரைப் பாறைக் குளங்கள் சேகரிப்பாளர்களால் சூறையாடப்பட்டதைச் சொல்கிறார். அப்பாவின் புத்தகங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. கடலை நேசிக்கச் சொல்லித் தந்த புத்தகம் கடற்கரையைக் காலி செய்தது. வரலாறு படிப்பவனுக்கு இந்த மாதிரி இடங்களில்தான் சங்கடம்.

சரி, வாரிங்டனின் சமநிலை ஏன் தோற்றது? அவர் மூச்சுக் கணக்கைப் போட்டார், கழிவுக் கணக்கைப் போடவில்லை. விலங்கின் கழிவிலும் மீந்த தீனியிலும் இருந்து அம்மோனியா வரும். அது நஞ்சு. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆனால் வரவேற்பறைத் தொட்டிகளில் வரவு அதைவிட அதிகம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஒன்று வருகிறது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மகன்!

மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை. அவர் கவலை வயல் மண்ணைப் பற்றியது, மீன் தொட்டி அவர் மனதில் இல்லை. எருவிலிருக்கும் அம்மோனியா மண்ணில் எப்படி நைட்ரேட் ஆகிறது? 1877ல் ஷ்லோசிங், மன்ட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர்கள் அது நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டியிருந்தார்கள். மகன் வாரிங்டன் அடுத்த படி போனார். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இரண்டு கட்டம், இரண்டு கூட்டம். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவருக்கு வாய்க்கவில்லை. 1890ல் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். இன்று புதுத் தொட்டி வாங்குபவரிடம் "ஒரு மாசம் சும்மா ஓட விடுங்க, சைக்கிள் ஆகட்டும்" என்று சொல்கிறார்களே, அந்தச் சைக்கிள் இதுதான். அப்பா தேடிய சமநிலை செடியில் பாதிதான் இருந்தது. மீதி, மணலிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா 1867லேயே இறந்துவிட்டார், அவருக்கு இது தெரியாது.

காரணம் தெரியாமலே தண்ணீர்ப் பிரச்சினையைக் கையாண்டவரும் ஒருவர் உண்டு. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட், லண்டனில் அக்வேரியப் பொருள் விற்ற கடைக்காரர். 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த அக்வேரியத்தில், பார்வைக்கு இருந்த தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தொட்டி ஒன்று கீழே இருந்தது. தண்ணீர் எந்நேரமும் மேலும் கீழும் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைய உப்புநீர்த் தொட்டிகளுக்குக் கீழே அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் 'சம்ப்' அதன் வாரிசு.

கடைசியாக நிறம். பாட்டியின் இனத்துக்கு வெயில் அவசியமில்லை. அது சிப்பியைத் தின்றே வாழும். ஆனால் சில கடல் சாமந்திகளின் உடலுக்குள் மஞ்சள் செல்கள் தெரிந்தன. அவை என்ன? 1881ல் ஜெர்மனியில் கார்ல் பிராண்ட், அவை விலங்குக்குள் குடியிருக்கும் பாசிகள் என்று சொல்லி 'ஜூசாந்தெல்லா' என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் எடின்பரோவில் பேட்ரிக் கெடிஸ், அப்படிப்பட்ட சாமந்தியை வெயிலில் வைத்து ஆக்சிஜன் வெளிவருவதைக் காட்டினார். வாரிங்டன் தொட்டிக்குள் வைக்கப் பார்த்த செடியை இந்த விலங்கு தன் உடம்புக்குள்ளேயே வைத்திருந்தது. (கெடிஸ் என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிற்காலத்தில் நகர அமைப்பு நிபுணராகி மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதினாரே, அவரேதான். 1914ல் அவருடைய கண்காட்சிப் பொருட்களோடு இந்தியா வந்த கப்பலை மூழ்கடித்தது சாட்சாத் நம்ம எம்டன்.)

இனி நண்பரின் வீட்டுக்குத் திரும்புவோம். இவ்வளவு வரலாறும் கையில் இருந்தால் நோயைக் கண்டுபிடிப்பது ஒரு வரிசைக்கு வந்துவிடுகிறது.

சுருங்குவது மட்டும் நோய் இல்லை. கடல் சாமந்தி உள்ளிருக்கும் தண்ணீரையும் கழிவையும் வெளியேற்றிவிட்டு மறுபடி உப்பும். சில மணி நேரத்தில் விரிந்துவிட்டால் கவலை வேண்டாம். வாய் பிளந்தே கிடப்பது, விரல்கள் எதிலும் ஒட்டாமல் போவது, அடிப்பாதம் பாறையை விட்டுவிட்டு அலைவது, இவை கெட்ட அறிகுறிகள். சதை நூல் நூலாகப் பிரிந்து நாற்றம் வந்தால் முடிந்தது கதை. உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது விடும் அம்மோனியா மற்ற உயிர்களையும் கொன்றுவிடும்.

முகர்ந்து பார்த்தோம், நாற்றம் இல்லை. பாதம் ஒட்டியிருந்தது. ஆனால் நிறம் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளை. கெடிஸின் பாசிகள் வெளியேறிவிட்டன. அது விளைவு. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அம்மோனியா சோதித்தோம், பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் கொஞ்சம்தான். வாரிங்டன் மகனின் இரண்டு கூட்டமும் ஒழுங்காக வேலை செய்தன. வெப்பம் 26 டிகிரி. பம்பு ஓடியது. மீனுக்கு மருந்து ஏதாவது ஊற்றினாயா என்று கேட்டேன், ஏனென்றால் தாமிரம் கலந்த மருந்து மீனைக் காப்பாற்றும், முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். "இல்லவே இல்ல."

"லைட்டு பத்தலையோ? இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுடவா?"

"பொறு. தண்ணி குறைஞ்சா என்ன ஊத்துற?"

"உப்புத் தண்ணிதான். வாரா வாரம் ரெண்டு குடம் கலக்கி ஊத்துறேன். கடல் மீனாச்சே, நல்ல தண்ணி ஊத்தினா செத்துடாதா?"

எனக்குப் பளிச்சென்றது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். அதன் மேல் மறுபடி உப்புநீர் ஊற்றினால் வாராவாரம் உப்பு ஏறும். ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 1.025 இருக்க வேண்டிய அளவு 1.031ல் நின்றது. தண்ணீர் அளவைக் கண்ணாடியில் கோடு போட்டுக் குறித்து வைத்து, குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும் என்பது விக்டோரியா காலத்துத் தொட்டிக்காரர்களுக்கே தெரிந்த பாடம். 170 வருடத்துக்கு முன்பே தீர்ந்த பிரச்சினைக்கு ஒரு உயிர் இங்கே வெளிறிக்கொண்டிருந்தது.

நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப நான்தான் கொன்னுட்டேனா?" என்றார். இன்னும் சாகலையே என்றேன். அன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. அது இன்னொரு தவறு. உப்பு ஏறியது மெதுவாக, இறங்குவதும் மெதுவாகவே இருக்க வேண்டும். தினம் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, சுத்திகரித்த நல்ல தண்ணீரை ஊற்றினார். பத்து நாளில் அளவு சரியானது. விளக்கை மாற்றவில்லை. வாய் மூடத் தொடங்கியதும் வாரம் இரண்டு முறை கடுகை விடச் சற்றுப் பெரிய இறால் துண்டு. பாசி இல்லாத சாமந்திக்குச் சாப்பாடு இப்போது வாய் வழியாக மட்டும்தான்.

பாட்டியோடு இதை ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். பாட்டி அலை ஏறி இறங்கும் பாறையில் வளர்ந்த இனம். வெயிலும் மழையும் குளிரும் பட்டுத் தாங்கும். நண்பர் வீட்டில் இருப்பது வெப்பமண்டலப் பவளத்திட்டு இனம், அதற்கு இந்தத் தாங்குசக்தி கிடையாது. ஆனாலும் நான் திரும்பத் திரும்ப அந்த ஜாடியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். டாலியெலுக்கு நைட்ரைட் தெரியாது, பாசி தெரியாது. சமநிலைக் கொள்கை எதுவும் அவரிடம் இல்லை. தண்ணீர் கெடும், ஆகவே மாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும். அவருக்குப் பின் வந்த நான்கு பேரும் அதையே செய்தார்கள். தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்ற கொள்கையை நம்பி வாங்கிய ஆயிரக்கணக்கான தொட்டிகள் சில வருடங்களில் காலியாயின. கடற்கரைகளும் அவற்றோடு காலியாயின.

நேற்று நண்பர் ஒரு படம் அனுப்பினார். சாமந்தி விரிந்திருக்கிறது. வாய் மூடியிருக்கிறது. நிறம் இன்னும் திரும்பவில்லை. திரும்ப மாதங்கள் ஆகலாம், திரும்பாமலும் போகலாம். படத்தின் ஓரத்தில், கண்ணாடியின் மேல் பக்கம், கறுப்பு மார்க்கரால் போட்ட கோடு ஒன்று தெரிந்தது. தண்ணீர் சரியாக அந்தக் கோட்டில் நின்றது.